படித்துக் காட்டு, கேட்கிறேன்

ஆசிரியர் அறைகளில் அடிக்கடி காதில் விழும் குறை, "வீட்டுல யாரும் கவனிக்கிறதில்ல" என்பது. அதே ஊரில் ரேஷன் கடை வரிசையில் நின்றால் மறுபக்கக் குறையைக் கேட்கலாம்: "மூணாவது படிக்கிறான், இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியல. பள்ளிக்கூடத்துல என்னதான் சொல்லித் தர்றாங்களோ!" இரண்டு பேச்சிலும் இருப்பது பிள்ளையைப் பற்றிய கவலைதான். இந்த இரு தரப்பும் முகம் பார்த்துக்கொள்ளும் இடம் பெற்றோர் கூட்டம். அங்கே வருகைப் பதிவு, சீருடை, ஆதார் எண், வங்கிக் கணக்கு எல்லாம் பேசப்படுகின்றன. கையெழுத்தோ கைநாட்டோ வாங்கப்படுகிறது. இந்தப் பிள்ளை வாசிக்கப் பழக வீட்டில் இன்ன நேரத்தில் இன்னதைச் செய்யுங்கள் என்ற பேச்சு மட்டும் அரிதாகவே வருகிறது.

அந்தப் பேச்சு வரவேண்டிய அவசரம் இருக்கிறது. 2022-இல் நடந்த 'ஏசர்' கல்விக் கணக்கெடுப்பில், தமிழகக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு சிறு கதையைப் படிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. பெருந்தொற்றில் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக்கிடந்த அடி அது. 2024 கணக்கெடுப்பில் நிலை தேறியிருந்தது. என்றாலும் பெரும்பாலான மூன்றாம் வகுப்புக் குழந்தைகளால் அந்தக் கதையைப் படிக்க முடியவில்லை. எட்டு வயதில் வாசிப்பு கைகூடாத பிள்ளைக்கு அறிவியலும் வரலாறும் கணக்கும் மேலும் மேலும் எட்டாமல் போகின்றன. இதைச் சரிசெய்யும் முதல் பொறுப்பு பள்ளியுடையது, அரசுடையது, அதில் ஐயமில்லை. குடும்பத்தால் ஆகக்கூடியது என்ன, அதைக் குடும்பத்திடம் எப்படிக் கேட்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

இந்தக் கேள்வியை அக்கறையோடு ஆராய்ந்த முன்னோடிகளில் இருவர் ஜாக் டிசார்ட், ஜென்னி ஹியூவிசன். லண்டனின் கிழக்கில் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த டாகனம் பகுதியில் ஏழெட்டு வயதுக் குழந்தைகளின் வாசிப்பை இவர்கள் அளந்தார்கள். பெற்றோரின் மனப்பான்மை, வீட்டுச் சூழல், பிள்ளையின் நுண்ணறிவு என்று பலவற்றை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரு சாதாரணச் செய்கை எல்லாவற்றையும் தாண்டி முன்னே நின்றது. பிள்ளை வாய்விட்டுப் படிப்பதை அம்மா வழக்கமாக உட்கார்ந்து கேட்கிறாரா என்பதே அது. 1980-இல் வெளியான இந்த ஆய்வு ஒரு தொடர்பைத்தான் காட்டியது. கேட்பதால் பிள்ளை நன்றாகப் படிக்கிறதா, நன்றாகப் படிக்கிற பிள்ளை என்பதால் கேட்கிறார்களா என்ற ஐயம் மிச்சமிருந்தது.

அதைத் தீர்க்க வடக்கு லண்டனின் ஹாரிங்கே பகுதியில் ஒரு சோதனை நடந்தது. வறுமையும் பல நாட்டுக் குடியேறிகளும் கலந்த பகுதி அது. ஆறு பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பள்ளிகளில் குலுக்கல் முறையில் தேர்ந்த வகுப்பின் குழந்தைகள் அனைவரிடமும் ஆசிரியர் புத்தகம் கொடுத்தனுப்பினார். வீட்டில் பிள்ளை அதைப் படித்துக்காட்ட, பெற்றோர் கேட்க வேண்டும். வேறு இரண்டு பள்ளிகளில் கூடுதலாக ஓர் ஆசிரியரை நியமித்து, சிறு குழுக்களாகக் குழந்தைகளுக்கு வாசிப்புப் பயிற்சி தந்தார்கள். மற்ற இரண்டும் ஒப்பீட்டுக்கு. இரண்டு ஆண்டுகள் இப்படி நடந்தது. ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய், பிள்ளை படிக்கும்போது உடனிருந்து பார்த்தார்கள், யோசனை சொன்னார்கள். அந்தப் பெற்றோரில் சிலருக்கு எழுதப் படிக்கவே தெரியாது. சிலருக்கு ஆங்கிலம் பேசவும் வராது. அப்படியிருந்தும் ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களும் ஒத்துழைத்தன.

1982-இல் வெளியான முடிவைக் கல்வித் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். வீட்டில் படித்துக்காட்டிய குழந்தைகளின் வாசிப்பு கண்கூடாக உயர்ந்தது. தொடக்கத்தில் படிக்கவே முடியாமல் பின்தங்கியிருந்த குழந்தைகளும் இதில் அடக்கம். கூடுதல் ஆசிரியர் வந்து பயிற்சி தந்த பள்ளிகளில் அதற்கு ஈடான முன்னேற்றம் இல்லை. இந்த ஆய்வைத் தொடங்கிவைத்த டிசார்ட் 1979-இலேயே காலமாகிவிட்டார். அச்சில் வந்த முடிவை அவர் பார்க்கவில்லை.

படிக்கத் தெரியாத அம்மா கேட்பதால் பிள்ளைக்கு என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். நம் ஊர்த் திண்ணை ஒன்றில் இது எப்படி நடக்கும் என்று பார்ப்போம். அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். இரண்டாம் வகுப்பு மகன் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் வைத்து எழுத்துக் கூட்டுகிறான். "ம-ர-த்-த-டி-யில்... மரத்தடியில்... மீன் நின்றது." அம்மாவுக்குப் புத்தகத்தில் இருப்பது என்ன எழுத்து என்று தெரியாது. ஆனால் வாக்கியம் காதில் இடறுகிறது. "மரத்தடியில மீனா? மீன் எப்பிடிடா நிக்கும்?" பையன் மறுபடி பார்க்கிறான். சுழியைக் காணோம், கால்தான் இருக்கிறது. "மான்!" என்கிறான். தன் தவறைத் தானே கண்டுபிடித்துத் தானே திருத்திக்கொண்டான். அம்மா செய்தது, பொருள் வருகிறதா என்று கேட்டது மட்டும். வாசிப்பு வல்லுநர்கள் பெரிதாக மதிக்கும் திறமை இது: ஒலியோடு நின்றுவிடாமல், படித்தது பொருள் தருகிறதா என்று தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஓர் ஆசிரியரால் நாள்தோறும் ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் உட்கார்ந்து இதைச் செய்ய முடியாது. ஒரு பாட வேளையை நாற்பதால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்தான் தேறும். வீட்டில் பத்து நிமிடம் என்பது அதைப்போலப் பத்து மடங்கு.

ஹாரிங்கே முடிவு எல்லா இடத்திலும் அப்படியே திரும்ப வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வடக்கு இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் பீட்டர் ஹானன் இதே வகைத் திட்டம் ஒன்றை ஆராய்ந்து 1987-இல் எழுதினார். பெற்றோர் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள். தேர்வு மதிப்பெண்ணில் பெரிய ஏற்றம் தெரியவில்லை. ஆகவே, புத்தகம் வீட்டுக்குப் போனால் போதும் என்று கணக்குப்போட முடியாது. வீட்டில் என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இதைக் கொஞ்சம் தெளிவாக்கியவர் கனடாவின் மோனிக் செனெஷால். அவரும் லாரா யங்கும் 2008-இல் 16 ஆய்வுகளை, மொத்தம் 1,340 குடும்பங்களை உள்ளடக்கியவற்றை, ஒன்றுசேர்த்து அலசினார்கள். பெற்றோர் கதை படித்துச் சொல்வது, பிள்ளை படிக்கக் கேட்பது, எழுத்தையும் ஒலியையும் குறிப்பாகப் பழக்குவது என்று மூன்று வகையாகப் பிரித்தார்கள். தொடக்க வகுப்புகளில் வாசிப்புத் திறனை அதிகம் உயர்த்தியது மூன்றாவது. அதில் பாதியளவு பயன் தந்தது இரண்டாவது. கதை படித்துச் சொல்வது மிகக் குறைவாகவே உயர்த்தியது. இதைப் பார்த்துவிட்டு யாரும் கதை சொல்வதை நிறுத்திவிடக் கூடாது. செனெஷாலும் ஜோ-ஆன் லெஃபெவ்ரும் ஐந்தாண்டுகள் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2002-இல் எழுதிய ஆய்வு இன்னொரு பாதையைக் காட்டுகிறது. கதைப் புத்தகங்களோடு வளரும் பிள்ளைக்குச் சொல்வளம் பெருகுகிறது. அந்தச் சொல்வளம் மூன்றாம் வகுப்பில், பாடங்கள் கனக்கத் தொடங்கும்போது, வாசிப்புக்குக் கைகொடுக்கிறது. எழுத்துப் பழக்கம் முதல் வகுப்பில் பலன் தரும். கதை சில ஆண்டு கழித்துத் தரும். இரண்டும் வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைக்குக் கதை வழியான இந்தப் பாதை இன்னும் முக்கியம் என்பது என் எண்ணம். அதற்குக் காரணம் நம் மொழியின் அமைப்பு. வீட்டில் "அவுங்க வந்துட்டாங்க" என்று கேட்டு வளரும் பிள்ளை, முதல் வகுப்பில் "அவர்கள் வந்துவிட்டார்கள்" என்பதைச் சந்திக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தாலும், வாயில் வந்த சொல் தனக்குத் தெரிந்த சொல்தான் என்று அதற்கு உடனே பிடிபடுவதில்லை. அரபு மொழியிலும் இதே இடைவெளி உண்டு; பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. டீனா ஃபெய்டல்சனும் உடன் ஆய்ந்தவர்களும் இஸ்ரேலில் அரபுக் குழந்தைகளின் பாலர் வகுப்புகளில், ஆசிரியர்களை எழுத்து அரபியிலேயே கதைகளை நாள்தோறும் படித்துக்காட்டச் செய்தார்கள். குழந்தைகளுக்குப் புரியாது, எழுத்து மொழி அவர்களுக்குச் சுமை என்று அதுவரை பலரும் நம்பிவந்தார்கள். சில மாதங்களில் அந்தக் குழந்தைகள் கதையைப் புரிந்துகொள்வதிலும் தாமே சொல்வதிலும் மற்றவர்களை மிஞ்சினார்கள். 1993-இல் வெளியான அந்த ஆய்வு தமிழ்நாட்டுக்கு நேராகப் பொருந்தும் பாடம். எழுத்துத் தமிழைக் காது முன்கூட்டியே கேட்டுப் பழகியிருந்தால் கண்ணுக்கு வேலை பாதியாகிறது. வீட்டில் படித்த அண்ணனோ அக்காவோ மாமாவோ ஒருவர் இருந்தால், கதையைப் புத்தகத்தில் உள்ளபடியே ஒருமுறை வாசித்துவிட்டு, பிறகு பேச்சில் சொல்லலாம்.

எழுத்தும் நம்மிடம் கொஞ்சம் நேரம் கேட்கும். 247 எழுத்துகள் என்பது மனப்பாடக் கணக்கு. பிள்ளை உண்மையில் பழக வேண்டியது, மெய்யோடு உயிர் சேரும்போது வரும் குறிகளை. 'கெ', 'கே', 'கை' போன்றவற்றில் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. 'கொ', 'கோ' என்றால் இருபுறமும் குறி. கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இந்திய வகை எழுத்துமுறைகளில் இந்தப் பழக்கம் முழுமையடைய நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று 2007-இல் காட்டினார். எனவே இரண்டாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளையை மண்டு என்று திட்டுவதும் தலையில் குட்டுவதும் கொடுமை மட்டுமல்ல, அறியாமையும்கூட. புத்தகத்தைக் கண்டாலே அடி நினைவுக்கு வரும்படி செய்துவிட்டால், பிறகு எந்த டியூஷனும் அதை மீட்டுத் தராது.

இனி, குடும்பத்தை எப்படி அழைப்பது என்பதற்கு வருவோம். உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் அபிஜித் பானர்ஜி, ருக்மிணி பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலியோர் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நல்ல வழிகாட்டி. ஊர்க் கல்விக் குழு என்று ஒன்று சட்டப்படி இருப்பதே அங்குள்ள பெற்றோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தெரியாது. சில ஊர்களில் கூட்டம் போட்டு, குழுவின் உரிமைகளையும் கடமைகளையும் விளக்கினார்கள். சில ஊர்களில் இன்னும் ஒரு படி போய், பிள்ளைகளின் வாசிப்பை ஊராரே சோதிக்கக் கற்றுத்தந்தார்கள். இரண்டிலும் ஒன்றும் நகரவில்லை. பெற்றோர் பள்ளியை உலுக்கவில்லை, ஆசிரியர் வேலை மாறவில்லை, பிள்ளைகள் கூடுதலாகக் கற்கவில்லை. மூன்றாவது வகை ஊர்களில் உள்ளூர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி தந்து, பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு முகாம் நடத்தச் சொன்னார்கள். அங்கே வந்த பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். தகவலும் உரிமையும் கொடுத்தால் மக்கள் தாமாகக் கிளம்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கையை இந்த ஆய்வு உடைத்தது. இன்ன வேலை, இப்படிச் செய்ய வேண்டும் என்று கையில் கொடுத்தபோது செய்தார்கள்.

அம்மாவுக்கே எழுத்தறிவு தந்தால்? பீகாரின் பூர்ணியாவிலும் ராஜஸ்தானின் அஜ்மீரிலும் 480 ஊர்ப்பகுதிகளில் 'பிரதம்' கல்வித் தொண்டு அமைப்பு அதையும் செய்து பார்த்தது. ஒருபுறம் அம்மாக்களுக்கு எழுத்தறிவு வகுப்பு. இன்னொருபுறம் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, பிள்ளையோடு செய்யவேண்டிய சிறு பயிற்சித் தாள்களை விளக்குவது. மூன்றாவதாக இரண்டும் சேர்த்து. அம்மாக்களின் கல்வி உயர்ந்தது, பிள்ளையின் படிப்பில் அவர்கள் ஈடுபாடும் கூடியது. பிள்ளைகளின் கற்றலில் கிடைத்த உயர்வு சிறியது. 2017-இல் வெளியான இந்த முடிவைப் பார்த்துச் சோர வேண்டியதில்லை. தாய்மாருக்கான கல்வி அவர்களுக்காகவே வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்ற பெண்கள் அதற்குச் சாட்சி. ஆனால் அம்மா முதலில் படித்து முடிக்கட்டும், பிறகு பிள்ளையைப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை என்பதை இது உணர்த்துகிறது. கென்யாவின் கிராமங்களில் நடந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே வலுப்படுத்துகிறது. தாய்மொழிப் படக்கதைப் புத்தகங்களைக் கொடுத்து, படத்தைக் காட்டிக் கேள்வி கேட்கப் பழக்கியபோது, படிக்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளைகள் மற்றவர்களுக்குக் குறையாமல் பயனடைந்தார்கள்.

தமிழ்நாட்டில் நம் கண்முன்னே நடந்த பெரிய சோதனை அரசின் 'இல்லம் தேடிக் கல்வி'. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியில் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள், மாலை நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தார்கள். அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில், பெருந்தொற்றுக் காலக் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா நடத்தும் வகுப்பு என்பதால் அம்மாக்கள் வாசலில் நின்று பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள். பள்ளி வாசலில் கூச்சப்படும் அம்மா, தெரு வாசலில் கூச்சப்படுவதில்லை.

இந்தக் கூச்சத்தைக் கல்வித் துறை லேசாக எடுத்துக்கொள்கிறது. தான் படித்த காலத்தில் அவமானப்பட்டு வெளியேறிய பள்ளிக்கு, பிள்ளைக்காக மறுபடி போய் நிற்பது எளிதல்ல. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, "உங்க பையன் சரியில்ல" என்ற ஒரு வரியைக் கேட்டுத் திரும்பும் அப்பா அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். அவரைப் பொறுப்பற்றவர் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிள்ளையின் கற்றல் முன்னேற்றத்தைப் பெற்றோரிடம் தொடர்ந்து எடுத்துச்சொல்வதை ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்தக் குழுக் கூட்டங்களில் கழிப்பறையும் சுற்றுச்சுவரும் பேசப்படுவது நல்லதுதான். வாசிப்பும் பேசப்பட வேண்டும்.

புத்தகம் இல்லை என்று இப்போது சொல்ல முடியாது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளில் சிறு புத்தகங்களை அச்சிட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பியிருக்கிறது. 1948-இலேயே பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டிருக்கிறோம். இருந்தும் பல பள்ளிகளில் கதைப் புத்தகங்கள் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. தலைமையாசிரியரின் பயம் நியாயமானது: இருப்புப் பதிவேட்டில் உள்ள புத்தகம் கிழிந்தாலோ தொலைந்தாலோ தணிக்கையில் யார் பதில் சொல்வது? இந்த முடிச்சைத் துறைதான் அவிழ்க்க வேண்டும். பிள்ளை படித்துக் கிழிந்த புத்தகத்துக்கு விளக்கம் கேட்கமாட்டோம், பதிவேட்டிலிருந்து நீக்கிக்கொள்ளலாம் என்று எழுத்தில் ஓர் உத்தரவு போதும். கிழியாமல் பத்து ஆண்டு பீரோவில் இருந்த புத்தகம்தான் உண்மையான வீண்செலவு.

ஆசிரியர்களிடம் கேட்பதும் சின்ன விஷயம்தான். வாரத்தில் இரண்டு மூன்று நாள், பிள்ளையின் படிக்கு ஏற்ற புத்தகம் ஒன்று பையில் போகட்டும். பெற்றோரிடம் மூன்றே செய்திகள்: பத்து நிமிடம் கேளுங்கள், தப்பாகப் படித்தால் திட்டாமல், "அப்பிடின்னா என்ன?" என்று கேளுங்கள், முடித்ததும் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். இதைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் படிக்கத் தெரியாத வீட்டுக்குப் போய்ச் சேராது. கூட்டத்தில் ஒரு பிள்ளையை உட்காரவைத்து நேரில் செய்து காட்ட வேண்டும். கூட்டமும் வேலைக்குப் போகிறவர்கள் திரும்பிய பிறகு, மாலையில் நடக்க வேண்டும். பிள்ளை படிப்பதை, நாள் முழுக்க வேலைசெய்த அம்மாதான் கேட்க வேண்டும் என்றும் இல்லை. அப்பா கேட்கலாம், அப்பத்தா கேட்கலாம். குடித்துவிட்டு வரும் அப்பா உள்ள வீட்டிலும், யாருமே இல்லாத விடுதியிலும் வளரும் பிள்ளைகளுக்குக் கேட்கும் ஆளைப் பள்ளியே ஏற்பாடு செய்து தர வேண்டும். குடும்பம் உதவும் என்பதைச் சாக்காக வைத்து, உதவி கிடைக்காத பிள்ளையைப் பின்னுக்கு விட்டுவிட்டால் இந்த முயற்சி முழுவதும் அநியாயமாகிவிடும்.

இதைப் படிக்கும் உங்களில் யாரேனும் உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கலாம்; இல்லையென்றால் உங்கள் தெருவில் ஒருவர் இருப்பார். அடுத்த கூட்டத்தில் இந்த ஒரு கேள்வியை எழுப்புங்கள், பதிலைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள்: பள்ளியில் இருக்கும் கதைப் புத்தகங்கள் எங்கள் பிள்ளைகளின் பையில் எந்தெந்தக் கிழமை வீட்டுக்கு வரும்?